நண்பர்கள் வந்தால் பாட்டை மாற்றிவிடுகிறேன்

கேள்வி: எனக்கு வயது 36. தனியாக இருக்கும்போது, பள்ளி நாட்களில் கேட்ட துள்ளல் பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். இசையும் சினிமாவும் நன்றாகத் தெரிந்த நண்பர்கள் வந்தால், அவசரமாக வேறு பாட்டுக்குத் தாவிவிடுவேன். அவர்கள் கொண்டாடும் படங்களில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனாலும் தலையாட்டுகிறேன். என் ரசனை வளரவே இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: அந்த அவசரம் எனக்கும் பழக்கம்தான். ஒருமுறை பாட்டை மாற்றப்போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அறை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் மட்டும் சரணத்தைக் கூடவே முணுமுணுத்தார்.

பதினைந்து வயதில் ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தேன். ஆனாலும் கசங்கிய இடத்தில், இரண்டாம் சரணத்தின் நடுவே, பாடகரின் குரல் ஒரு கணம் தண்ணீருக்குள் முங்கி எழுந்த மாதிரி கேட்கும். இப்போது அதே பாட்டு போனில் துல்லியமாக ஒலிக்கிறது. அந்த இடம் வந்ததும், குரல் முங்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது! இதை இசை ரசனை என்று சொன்னால் எந்த வித்வானும் ஒப்புக்கொள்ள மாட்டார். அர்த்தமே இல்லாத சொற்களைக்கூட அடிக்கடி கண்ணில் காட்டினால், அவை நல்ல சொற்களாகத் தோன்றத் தொடங்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-லேயே சோதித்து எழுதினார். நீங்களும் நானும் ஒரே பாட்டை எத்தனை நூறு முறை கேட்டிருப்போம்? பிடிக்காமல் போனால்தான் அதிசயம். அதனால் அந்தப் பாட்டு உசத்தி என்று வாதாடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம்.

நண்பர்களின் பட்டியலைப் பார்த்து ரொம்பவும் மிரளாதீர்கள். 1958-ல் இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படம் வந்தபோது விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சினிமா இதழ், உலகின் மிகச் சிறந்த படங்கள் எவை என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1962, 1972 பட்டியல்களின் முதல் பத்தில் அந்தப் படம் இல்லை. 1982-ல் உள்ளே வந்தது. 2012-ல் முதலிடம், 2022-ல் இரண்டாமிடம். படம் அதேதான், பார்த்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்காக எல்லாம் அவரவர் ரசனை என்று கையை விரித்துவிடவும் மனம் வரவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு படத்துக்குப் போனேன். கிழவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மெல்ல உட்காருவதை வெட்டே இல்லாமல் காட்டினார்கள். அவர் உட்காருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். வெளியே வந்து, “அபாரம்” என்றேன். பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சியில் கண்ணை எடுக்க முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் என் வீட்டிலும் ஒருவர் அப்படி உட்காரத் தொடங்கியிருந்தார். அன்று தூங்கியதில் எனக்கு வெட்கமில்லை. “அபாரம்” என்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே தலையாட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். படம் பிடிபடவில்லை என்றால், “எந்தக் காட்சி உனக்குப் பிடித்தது?” என்று கேளுங்கள். உண்மையிலேயே ரசித்தவர் ஒரு காட்சியைச் சொல்வார், சில சமயம் நடித்தே காட்டுவார். மற்றவர்கள், “மேக்கிங் செமயா இருந்துச்சு” என்பார்கள். காட்சியைச் சொன்னவரோடு அதே படத்தை இன்னொரு முறை பாருங்கள், களைப்பில்லாத ஒரு நாளில். அப்போதும் பிடிக்காவிட்டால், சரி, பிடிக்கவில்லை.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் அந்தத் துள்ளல் பாட்டுகளில் ஒன்றின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. என்னிடமும் ஒளிக்கிறீர்களா?