முல்லைத்தீவில் 'வன்னித் தேன்' என்று விற்கிறீர்கள், பிரதேச செயலகப் பதிவும் இருக்கிறது. அதே பெயரை வவுனியாக் கடையொன்றும் போடுகிறது. தடுக்கலாமா?

அந்தப் பதிவு கடை நடத்துவதற்கானது. பெயரை உங்களுக்கே உரித்தாக்காது. பெயரை உரித்தாக்க, அதை வர்த்தகக் குறியாக (உங்கள் பொருளைப் பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக) கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில்தான் பதிய வேண்டும், 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி. ஆனால் இடத்தையும் பொருளையும் மட்டுமே சொல்லும் 'வன்னித் தேன்' அங்கே மறுக்கப்படும். அது எல்லாத் தேன்காரருக்கும் வேண்டிய சொல்லல்லவா?

பதியும் பெயரைத் தேனோடு தொடர்பில்லாத சொல்லாகத் தெரிவு செய்யுங்கள். 'வன்னித் தேன்' கீழே சிறிதாக இருக்கட்டும். லேபிள் அடிக்க முன், அந்தச் சொல்லை வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று தேடல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அச்சுக்காசு வீண். குறிகளைப் பொருள் வகுப்புப்படி பதிவார்கள்; தேனுக்கு 30ஆம் வகுப்பு. பதிவு 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம்.

வவுனியாக்காரர் உங்கள் லேபிளின் படம், நிறத்தையும் அப்படியே எடுத்திருந்தால் கதை வேறு: பதிவில்லாமலே நியாயமற்ற போட்டி என்று வழக்காடலாம். அதற்குச் சான்றாகப் பழைய பில்லுகளையும் லேபிளையும் எறியாதீர்கள்.