அந்த அம்பைத் தருவது யார்?

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்டம் முடித்த கையோடு ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். இது என் முதல் செமஸ்டர். முதலாண்டு மாணவர்களுக்குப் பொறியியல் இயக்கவியல் எடுக்கிறேன். இரவெல்லாம் தயாரிக்கிறேன், கணக்குகளை முன்கூட்டியே போட்டுப் பார்த்து, கரும்பலகையில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன். ஆனால் வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பருவத்தின் நடுவில் வாங்கிய கருத்துப் படிவத்தில் 'வேகமாகப் போகிறார், இன்னும் நிறையக் கணக்குகள் போட வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். முதல் தேர்வில் பாதிப்பேருக்கு மேல் தேறவில்லை. பெரும்பாலானவர்கள் ஃப்ரீ பாடி டயகிராமே (ஒரு பொருளைத் தனியே எடுத்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படம்) வரையாமல் நேராகச் சமன்பாட்டில் எண்களைப் போட்டிருந்தார்கள். இந்த மாணவர்களுக்கு ஆர்வமே இல்லையோ என்று தோன்றுகிறது. இரண்டாம் தேர்வை எளிதாக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்கிறார் மூத்த பேராசிரியர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று வருந்தும் ஆசிரியர்களின் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருவதுண்டு. பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், படம் வரையாத அந்த விடைத்தாள்களைப் பற்றிய ஒற்றை வரி. சில மாதங்களாக என் மனம் அதைச் சுற்றியேதான் வந்துகொண்டிருக்கிறது.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரவெல்லாம் தயாரிப்பது முதல் பருவத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு குறையும். வகுப்பின் மௌனத்துக்கு நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை அது: ஒரு கேள்வியைக் கொடுத்து முதலில் ஒவ்வொருவரையும் தனியாக விடை தேர்ந்தெடுக்கச் சொல்வது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு மறுபடியும் கேட்பது. நூறு பேர் முன்னால் தவறாகப் பேசக் கூசுகிற மாணவன் பக்கத்து இருக்கைக்காரனோடு தாராளமாகச் சண்டை போடுவான். மூத்த பேராசிரியரின் நிம்மதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கருத்துப் படிவத்தை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2019இல் ஹார்வர்டிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், ஒரே பாடத்தை ஒரு குழுவுக்குத் தேர்ந்த விரிவுரையாகவும் மற்றொரு குழுவுக்கு மாணவர்களே முட்டிமோதிக் கணக்கிடும் வகுப்பாகவும் நடத்தினார்கள். தேர்வில் இரண்டாம் குழுவே நன்றாகச் செய்தது. ஆனால் தாங்கள் அதிகம் கற்றதாக நம்பியது விரிவுரை கேட்ட குழு. ஆகவே 'இன்னும் நிறையக் கணக்குகள் போடுங்கள்' என்ற வேண்டுகோளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் இன்னும் வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடம். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மாணவர்கள் படம் வரையாததற்கு அந்தப் பெருமைக்கும் பங்குண்டு. ஒரு கணக்கில் கடினமான இடம் சமன்பாடு அல்ல; எந்தப் பொருளை உலகத்திலிருந்து வெட்டித் தனியே எடுப்பது, எங்கே வெட்டுவது, எதைப் பொருட்படுத்தாமல் விடுவது என்று முடிவெடுக்கும் இடம்தான் கடினம். அந்த முடிவுகளையெல்லாம் நள்ளிரவில் உங்கள் அறையில் யாரும் பார்க்காதபோது எடுத்து முடித்துவிட்டு, காலையில் அவற்றின் விளைவை மட்டும் கரும்பலகையில் அச்சடித்தாற்போல எழுதுகிறீர்கள். அம்புக்குறிகள் தாமாகவே சரியான இடத்தில் வந்து அமர்வதை வாரக்கணக்கில் பார்த்த ஒரு பையன், படம் என்பது விடைக்கு மேலே போடும் அலங்காரம் என்று எண்ணினால் அது அவன் குற்றமா? ஆர்வமில்லை என்று அவர்கள்மேல் பழிபோடுவதற்கு முன்னால், ஆர்வம் கொள்ளத்தக்க பகுதியை அவர்கள் கண்ணில் ஒருமுறையாவது காட்டினீர்களா?

எனக்கு இயக்கவியல் எடுத்தவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். பருவத்தின் தொடக்க வாரங்களில் எண் என்ற ஒன்று அவர் வகுப்பிலேயே கிடையாது. சுவரில் சாய்த்த ஏணியை வரைவார். அதில் செயல்படும் விசைகளைக் குறிக்கச் சொல்லி எங்களில் ஒருவனை அழைப்பார். அவன் ஒவ்வோர் அம்பு போடும்போதும் ஒரே கேள்விதான்: "இதைத் தருவது யார்?" எடை என்றால் பூமி தருகிறது. செங்குத்து எதிர்விசை என்றால் தரை தருகிறது. உராய்வையும் தரையே தருகிறது. பிறகு அவர் நூலில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குப் போவார். ஒருவன் மிகுந்த நம்பிக்கையோடு வெளிநோக்கி ஓர் அம்பு போடுவான். "தருவது யார்?" கல்லைத் தொடுவது நூல் ஒன்றுதான், நூலால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கொடுப்பவர் இல்லாத அந்த அம்பை அவரே அழித்துவிட்டுச் சிரிப்பார். பாடத்திட்டம் முடியாது என்று எங்களில் சிலர் மேலே புகார் கொடுத்தோம். அவர் அதற்காக வேகத்தைக் கூட்டவில்லை. பாடத்திட்டமும் எப்படியோ முடிந்தது.

அந்தக் கேள்வியின் விலை என்ன என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே ஹயத் ரீஜென்சி விடுதி திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1981 ஜூலை 17 அன்று மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சிக்காக மக்கள் திரண்டிருந்தபோது, கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கிய நடைபாலங்கள் இரண்டு விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலம் தொங்கியது. முதல் வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிக் கீழ்ப் பாலம் வரை செல்ல வேண்டும். ஒவ்வோர் உத்திரத்தையும் அதன் அடியிலுள்ள நட்டு தாங்கும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்பதால், கட்டும்போது அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள்: கூரையிலிருந்து மேல் உத்திரம் வரை ஒன்று, மேல் உத்திரத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை இன்னொன்று.

ஒவ்வொரு பாலமும் ஒரு தொங்கலில் ஏற்றும் பாரத்தை 'ப' என்று வைத்துக்கொள்வோம். கூரையோடு சேரும் கம்பியின் இழுவிசை பழைய ஏற்பாட்டிலும் 2ப, புதிய ஏற்பாட்டிலும் 2ப. கம்பியை மட்டும் சரிபார்த்தவருக்கு எதுவுமே மாறியிருக்காது. இப்போது மேல் உத்திரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து அம்புகளைப் போடுங்கள். பழைய ஏற்பாட்டில் கீழ்நோக்கி அதன் சொந்தப் பாரம் ப. அதை மேல்நோக்கித் தாங்கும் நட்டு தருவதும் ப. புதிய ஏற்பாட்டில் ஓர் அம்பு கூடுகிறது: கீழ்க்கம்பி இந்த உத்திரத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது, அது இன்னொரு ப. ஆகவே அதே நட்டு இப்போது 2ப தர வேண்டும். முதல் வடிவமைப்பே நகரத்தின் கட்டட விதி கோரிய வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. இந்த மாற்றம் அந்த இணைப்பின்மேல் விழும் பாரத்தை இரட்டிப்பாக்கியது. வடிவமைப்புக்குப் பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள். இதில் வகைநுண்கணிதம் இல்லை, கணினி தேவையில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கூட்டல் மட்டுமே இருக்கிறது. ஆனால் எதை எதோடு கூட்டுவது என்று படம்தான் சொல்லும்.

உங்கள் கேள்வியை ஏறக்குறைய மறந்தே போனேன். இரண்டாம் தேர்வை எளிதாக்காதீர்கள், கடினமாக்கவும் வேண்டாம். பாதி மதிப்பெண்ணுக்கு எண்களே இல்லாத கேள்விகளைக் கொடுங்கள்: ஒரு பாரந்தூக்கி, ஒரு கதவுக் கீல், இரண்டு கம்பிகளில் தொங்கும் அந்த உத்திரம். விசைப்படம் மட்டும் வரைய வேண்டும். ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் அதைத் தருவது யார் என்று எழுத வேண்டும். திருத்துவதும் எளிது. அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு கணக்கையாவது மாணவர்களையே கொண்டுவரச் சொல்லி, நீங்கள் அதுவரை பார்த்திராத அந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போடுங்கள். தவறான இடத்தில் வெட்டுவீர்கள், அழிப்பீர்கள், மறுபடி வரைவீர்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், பின் வரிசையிலிருந்து யாராவது "சார், அந்த அம்பைத் தருவது யார்?" என்று கேட்டால், அன்று மாலை எனக்கு எழுதுங்கள்.

இரண்டாம் தேர்வின் வினாத்தாளையும் அனுப்புங்கள். எல்லாக் கேள்வியிலும் எண்கள் இருந்தால் அடுத்த பதில் இவ்வளவு அன்பாக இருக்காது.