வாட்டம் இல்லாத தரை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை. போன கோடையில் அப்பா அம்மாவை முதல்முறையாக இங்கே அழைத்து வந்தேன். மூன்று மாதமும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. குப்பை போட வெளியே போன அம்மாவுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. அன்று ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறக்க வந்தவர் பூட்டைத் துளைத்துவிட்டு 300 யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு வெள்ளிக்கிழமை அம்மா குளியலறையை இரண்டு வாளி தண்ணீர் விட்டு அலம்பிவிட்டார். நாலு நாள் கழித்துக் கீழ்வீட்டு விட்டத்தில் பழுப்பாகக் கறை. அவர்கள் இப்போது நஷ்டஈடு கேட்கிறார்கள். தாளிக்கும்போது புகை அலாரம் அடித்தது எத்தனை தடவை என்று கணக்கில்லை. அப்பா டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ரயில் ஏறி 60 யூரோ அபராதம் கட்டினார். எவ்வளவு சொன்னாலும் அவர்களுக்குப் புரிவதில்லை. நம்மவர்களுக்குப் பொது ஒழுங்கே கிடையாதோ என்றுகூடத் தோன்றுகிறது.

அடுத்த மே மாதம் மறுபடி வருகிறார்கள். பெட்டியில் என்னென்ன கொண்டுவரச் சொல்லலாம்? வெளிநாட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஏதாவது புத்தகம் சொல்ல முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

பெட்டியை முதலில் முடித்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் பாலில் செய்த பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய்யும் திரட்டுப்பாலும் ஊரிலேயே இருக்கட்டும். 2019 டிசம்பரிலிருந்து பச்சையாக உள்ள செடி, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கருவேப்பிலையைக் கொத்தாகப் பெட்டிக்குள் செருகிவிடாமல் பொடி செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். புளி, வடாம், வற்றல், சாம்பார்ப்பொடி இதற்கெல்லாம் பயம் வேண்டாம். மருந்தை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு திடீர் வைத்தியத்துக்கானது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி அந்தப் பத்திரம் என்ன சொல்கிறது என்று வாங்குவதற்கு முன்பே படியுங்கள். ரயில் அபராதத்தை மறந்துவிடுங்கள், அது அந்த ஊரில் பிறந்தவர்களும் கட்டுகிற காசு. புத்தகம் ஒன்றும் வேண்டாம்.

"எவ்வளவு சொன்னாலும் புரிவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

என்ன சொன்னீர்கள்? எங்கே நின்று சொன்னீர்கள்? ஏர்போர்ட்டிலிருந்து வந்த இரவே வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருப்பீர்கள், டிவி ரிமோட்டைக் காட்டியிருப்பீர்கள். கதவைக் காட்டினீர்களா? அம்மாவை ஒரு தடவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி, சாவியை அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னீர்களா? குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே இல்லை என்பதை உட்கார்ந்து காட்டினீர்களா? உங்களுக்கே அது வந்து பல மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு மூன்றாம் வாரத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்.

உங்கள் அம்மா வளர்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கொல்லை, கிணற்றடி. மழை முற்றத்தில் விழும், தூம்பு வழியாக வெளியே போகும். அடுப்புப் புகைக்கு ஓட்டிலேயே வழி. கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் பூட்டிக்கொள்ளாது. கொண்டியை நாதாங்கியில் மாட்டிப் பூட்டைத் தொங்கவிட்டால்தான் பூட்டு. இப்போது கட்டுகிற மாடி வீட்டில்கூடக் கொத்தனார் குளியலறைத் தரை போடும்போது ரசமட்டம் வைத்து வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்ப்பார். முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது மூலையில் நிற்காமல் ஓட்டைக்குப் போகிறதா என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவார். நிற்கிறது என்று அவர் சொன்னால் தரையைக் கொத்தி மறுபடி போட வேண்டியதுதான்.

அதோடு நீங்கள் மன்னார்குடிக்காரர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகணையில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிவதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்கால் இருந்தால், மிஞ்சியதை எடுத்துப் போக ஒரு வடிகால் இருக்கும். வடிகால் தூர்ந்துபோனால் ஐப்பசி கார்த்திகையில் பயிர் அழுகும். வடிந்த தண்ணீர் எல்லாம் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலுக்குப் போய்ச் சேரும். தண்ணீரை விட்ட இடத்தில் அது வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த மண்ணில் ஏர் பிடித்தவனுக்கும் வீடு அலம்புகிறவளுக்கும் ஒரே பாடம். உங்கள் அம்மா அந்த அறிவோடு மியூனிக்கில் வாளியைக் கவிழ்த்தார். அதற்குப் போய் பொது ஒழுங்கு இல்லை என்று பெயர் வைக்கிறீர்கள்.

அந்த நாட்டு வீடு குளிருக்காகக் கட்டியது. சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காக எல்லா வழியையும் அடைத்த பெட்டி. தண்ணீரும் புகையும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. நீங்கள் எழுதிய விபத்துகளில் கறையும் அலாரமும் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பல அடுக்குமாடி வீடுகளில் அந்தத் தரையில் வாட்டம் கிடையாது, ஓட்டையும் கிடையாது. தரைமட்ட ஷவர் வைத்த புது வீடு என்றால் அந்த மூலைக்கு மட்டும் இருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு கோலிக்குண்டை நடுவில் வைத்துப் பாருங்கள். தரையில் பதித்த ஓடு (டைல்) தண்ணீரைக் கீழே விடாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சாந்துக் கோடு விடும், சுவரும் தரையும் சேரும் மூலை விடும், தொட்டியின் விளிம்பில் பூசிய சிலிக்கான் வெடித்திருந்தால் அதுவும் விடும். பழைய கட்டடமாயிருந்தால் அடியில் மர உத்தரம் இருக்கும். அது நனைந்து, ஊறி, கீழ்வீட்டுப் பூச்சு வரை வர நாலைந்து நாள் ஆகும். அதனால்தான் செய்த அன்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்காக அம்மாவை நின்றபடி ஷவரில் குளிக்கச் சொல்லாதீர்கள். வாளியைத் தொட்டிக்கு உள்ளேயே வையுங்கள். தொட்டியின் அடியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பாய் போடுங்கள். தொட்டியின் குறுக்கே வைக்கும் குளியல் பலகை, வைத்திய உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. அதில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும். திரைச்சீலையின் கீழ்நுனி தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும், வெளியே அல்ல. எல்லாரும் தப்பு செய்கிற இடம் இது. குழாயில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகுதான் சூடு; நம் ஊரில் தவலையிலிருந்து மொண்டு விளாவிய கைக்கு அங்கே குழாயிலேயே கொதிக்கக் கொதிக்க வரும் என்று தெரியாது. கழிப்பறைக்கு ஒரு குவளையை வைத்துவிட்டுத் தரையை நனைக்காதே என்று கத்துவதில் பிரயோஜனமில்லை. வளைந்த மூக்குள்ள அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் கிடைக்கிறது, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாது. கைத்தெளிப்பான் பொருத்துவதானால் ஒவ்வொரு தடவையும் மூலக் குழாயை மூட வேண்டும். மூடாமல் விட்டால் அழுத்தத்திலேயே இருக்கும் ரப்பர் குழாய் ஒரு நாள் வெடிக்கும், அதுவும் வீட்டில் ஆளில்லாத நாளில். வெள்ளிக்கிழமைக்குப் பிழிந்த துணியால் துடைக்கட்டும். வாளி விட்டு அலம்பிய திருப்தி அதில் வராதுதான். ஒரு நல்ல மாப்பும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரும் கொடுங்கள், சமாதானமாகிவிடுவார்.

அடுத்தது கதவு. வெளிப்பக்கம் இருப்பது திரும்பாத குமிழ். சாத்தினாலே ஸ்பிரிங் வைத்த நாக்கு நிலைக்குள் போய் விழும். சாவி இல்லாமல் திறக்காது. தெரிந்த ஆள் இந்த மாதிரி வெறுமனே சாத்திய கதவைச் சில நிமிடத்தில் துளை போடாமல் திறப்பார். வந்ததும் துளைக்கும் கருவியை எடுக்கிறவர் காசு பார்க்க வந்தவர். ஆபத்து வந்த நேரத்தில் போனில் முதலில் தெரிகிற எண்ணைக் கூப்பிட்டால் அப்படிப்பட்டவர்கள்தான் வருவார்கள். உங்கள் பேட்டையிலேயே கடை வைத்திருக்கும் ஒருவரின் எண்ணை இப்போதே எழுதி வையுங்கள். கூப்பிடும்போது பயணச் செலவு, ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் வரச் சொல்ல வேண்டும். வந்து மிரட்டினால் போலீஸ் 110. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் பூட்டுக்காரரே வேண்டாம், யோசிக்காமல் தீயணைப்புக்கு 112.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அம்மா தன் சாவியை உள்பக்கத் துவாரத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டால், நீங்கள் ஆபீசிலிருந்து உங்கள் சாவியோடு ஓடி வந்தாலும் சில பூட்டுகளில் அது திறக்காது. உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கிற பூட்டு உருளை (சாவி நுழையும் பகுதி) தனியாக இருக்கிறது. உங்களுடையது எது என்று பார்க்கக் கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே ஒரு சாவியைப் போட்டு, வெளியே இன்னொன்றால் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் உள்பக்கம் சாவியை விடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். மூன்றாவது சாவி ஒன்று அடுத்த வீட்டில் இருக்கட்டும். குப்பை வாளியின் பிடியிலேயே ஒரு சாவியைக் கட்டிவிடலாம். அம்மா இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகி வளர்ந்தவர் என்றால் அதற்கும் அவசியமில்லை. அந்தச் சாவி அவருடையது என்று சொல்லிக் கையில் கொடுங்கள், போதும். இவ்வளவு நாளும் அது உங்கள் வீட்டுச் சாவியாகவே இருந்திருக்கிறது.

புகை அலாரத்துக்கு நெருப்பும் கடுகும் ஒன்றுதான். அதற்குள் ஒரு ஒளிக்கற்றை இருக்கிறது. காற்றில் துகள் வந்து அந்த ஒளி சிதறினால் அலறும். எண்ணெய் ஆவி, மிளகாய் நெடி, குக்கர் நீராவி எல்லாமே அதற்குப் புகைதான். சமையலறை ஜன்னலைத் திறந்து, நடைக்கான கதவைச் சாத்திவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் காற்று வரட்டும் என்று அந்தக் கதவையும் திறந்துவிடுவார்கள். புகை நேரே நடைக்கூடத்து அலாரத்துக்குப் போகும். அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சியை நம்ப வேண்டாம். பல வீடுகளில் அது கரிவடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிற வகை. கடுகு வெடித்தபின் தீயைக் குறைத்து மிளகாயைப் போட்டு உடனே மூட வேண்டும். அலறினால் பல அலாரங்கள் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் சில நிமிடம் வாயை மூடும். பேட்டரியைக் கழற்றுவதோ, பிளாஸ்டிக் உறை மாட்டுவதோ கூடவே கூடாது. படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் அது சட்டப்படி இருக்க வேண்டியது.

ஜன்னல் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும் மே மாதம் எழுதுவீர்கள். கைப்பிடி கீழே இருந்தால் மூடியது, படுக்கையாக இருந்தால் கதவு போலத் திறக்கும், மேலே இருந்தால் தலைப்பக்கம் மட்டும் சாயும். திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பினால் ஜன்னல் ஒரு கீல் கழன்றதுபோலக் கோணலாகத் தொங்கும், அப்பா பிடித்துக்கொண்டே நிற்பார். உடையவில்லை. கீல் பக்கத்து மேல்மூலையைச் சட்டத்தோடு அழுத்தி, விளிம்பிலுள்ள சின்ன நெம்பியை உள்ளே தள்ளிக் கைப்பிடியைப் படுக்கைக்குத் திருப்பினால் சரியாகிவிடும்.

வந்த மறுநாள் காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் செய்து காட்ட வேண்டாம், அவர்கள் கையால் செய்யட்டும். அம்மாவே கதவைச் சாத்தி அம்மாவே திறக்க வேண்டும். அப்பாவே ஜன்னலைக் கோணலாக்கி அப்பாவே சரிசெய்ய வேண்டும். அப்பாவுக்குத் தரையைக் காட்டி "இங்கே வடிகால் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதை அவரே அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்தை ஆறப்போடாதீர்கள். எங்கள் தவறுதான், பணம் தருகிறோம் என்று நீங்களாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பிறருக்கு நாம் செய்யும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, நடந்த தேதி, கறையின் படம், கீழ்வீட்டார் அனுப்பிய கடிதம் மூன்றையும் இந்த வாரமே அனுப்புங்கள். விருந்தாளியாகத் தங்கும் பெற்றோர் செய்த சேதத்துக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். பொருந்தாது என்றால் மே மாதத்துக்கு முன் அந்தப் பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.