டிரைவர் எங்கே படுப்பார்?

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் கோத்தகிரி. அப்பா சிறுவனாக இலங்கையின் ஹட்டனிலிருந்து தாத்தாவோடு கப்பலேறி வந்தவர், அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் கண்டியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டேன். மனைவி பெயரில் சின்னதாக ஒரு டூர் கம்பெனி, இரண்டு வேன். ஒன்றை நான் ஓட்டுகிறேன், மற்றதை மச்சான். புக்கிங்கும் கணக்கும் மனைவி. 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பெட்ரோல் கியூ எல்லாம் தாண்டியாயிற்று. ஆனால் விசாவைப் புதுப்பிக்கப் போய் நிற்கும்போதெல்லாம் அலுத்துப்போகிறது. அங்கே அப்பாவை சிலோன்காரர் என்றார்கள், இங்கே என்னை இந்தியாக்காரன் என்கிறார்கள். ஊருக்கே வந்து இதே தொழிலைச் செய்யலாமா? செலவு குறையும் என்றுதான் தோன்றுகிறது. டிரைவருக்கு ரூம் பார்க்கிற தொல்லைகூட அங்கே இல்லை, வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். மகன் மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்கிறான்.

எஸ்., கண்டி

அன்புள்ள எஸ்.,

பெட்ரோல் கியூவில் நின்றும் கம்பெனியை மூடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கே உங்கள் மனைவிக்கு ஒரு கும்பிடு. யார் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன, விடுங்கள். 1964-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தப் பக்கம், 3,00,000 பேர் அந்தப் பக்கம் என்று பிரித்தபோது உங்கள் தாத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் விரும்பிப் போனவர். அவருடைய துக்கத்தை நீங்கள் கடன் வாங்க வேண்டாம்.

பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் ஒரு வரிக்காக. 'வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள்.' குன்னூரில் காலையில் நடக்கப் போனால் லாட்ஜ் வாசல்களில் இதைத்தான் பார்க்கிறேன். உள்பக்கம் பனி பூத்த கண்ணாடி, டேஷ்போர்டின் மேல் இரண்டு கால்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் இறங்கி, தெருக்குழாயில் முகம் கழுவி, மேலேயிருந்து வரும் குடும்பத்துக்குச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிடுவார்.

என் சித்தப்பா மேட்டுப்பாளையத்தில் டாக்ஸி ஓட்டியவர். ஜனவரியில் ஊட்டி சவாரி என்றால் சட்டைக்குள் பழைய பேப்பரைத் திணித்துக்கொண்டு, அம்பாசிடரின் முன் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுப்பார். வெளியே புல்லெல்லாம் உறைபனி. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காலையில் எழுந்திருக்கவே மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும், அதனால் நடுங்கியே விடிய வைப்பார். வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகும் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். சித்தி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நீங்களே ஸ்டியரிங் பிடிக்கிறவர், உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே! கடுகண்ணாவ ஏற்றத்தையும் ரம்பொடை வளைவுகளையும் எந்தத் தெம்பில் ஓட்டுகிறீர்கள்? அங்கே அனேக ஹோட்டல்களில் டிரைவருக்கு ஒரு கட்டிலும் ராச்சாப்பாடும் உண்டு. தருமம் ஒன்றுமில்லை, நாளைக்கும் ஆளைக் கூட்டிவர வேண்டும் என்ற கணக்குதான். இங்கேயும் அந்தக் கணக்கு தெரியும். டிரைவர் கையில் கமிஷனை வைப்பார்கள், கட்டில் மட்டும் தரமாட்டார்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களில் டிரைவர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறையும் வேண்டும் என்றது. நல்ல காரியம். ஆனால் கட்டட விதி இனிமேல் கட்டுகிறவரைத்தான் பிடிக்கும். பழைய லாட்ஜ்காரரை யார் கேட்பது?

குளிர்கூடப் போகட்டும், இறக்கத்தை நினையுங்கள். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. சீசனில் குன்னூர் வழியாக ஏறுகிற கூட்டமெல்லாம் உங்கள் கோத்தகிரி வழியாகத்தான் இறங்கும். இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். தூக்கம் கெட்டவனுக்கு அந்தப் பொறுமை ஏது? பிரேக்கிலேயே காலை வைத்திருப்பான். பாதி மலை இறங்குவதற்குள் அது சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. அப்புறம் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று பேப்பரில் போடுவார்கள். அவன் ராத்திரி எங்கே படுத்தான் என்று எழுத மாட்டார்கள். உங்கள் கணக்கில் மச்சானை எங்கே படுக்க வைத்தீர்கள்?

சரி, வரலாமா என்று கேட்டீர்கள். அங்கே ஒரு கரையில் மழை என்றால் மறு கரைக்கு ஆளைக் கூட்டிப் போகலாம். இங்கே நம்பியிருப்பது ஏப்ரல், மே. அதற்கும் 2025-ல் ஐகோர்ட் சொல்லி நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸில் வரம்பு வைத்தார்கள். நீலகிரிப் பதிவெண் இருந்தால் உங்கள் வண்டிக்குத் தடையில்லை, வருகிற ஆளுக்குத்தான். பையன் பள்ளிப் படிப்பை முடிக்கட்டுமே, என்ன அவசரம்?

அதற்குள் கோத்தகிரிக்கு ஒரு கட்டணப் பட்டியல் போட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பேட்டாவுக்குக் கீழே டிரைவர் அறை என்று ஒரு வரி இல்லாவிட்டால் அனுப்பவே வேண்டாம்.