வேலி இருந்த இடத்தில் சுவர் எழுகிறது: தடுப்பது எப்படி?

கேள்வி: குறிஞ்சிப்பாடி வட்டத்தில் எங்கள் வீட்டு மனை 5 சென்ட். 1998-ல் கிரயம் வாங்கினோம், பட்டா என் பெயரில் இருக்கிறது. பக்கத்து மனைக்கும் எங்களுக்கும் நடுவே சவுக்குக்கழி வேலி இருந்தது. தானே புயலில் அது சாய்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் புது வேலி போட்டார். "இப்போதைக்குப் போட்டிருக்கேன், அப்புறம் அளந்து சரி பண்ணிக்கலாம்" என்றார். இப்போது அதே இடத்தில் மதில் எழுப்பக் கடைக்கால் தோண்டுகிறார். டேப் வைத்து அளந்தால் எங்களுக்கு நாலே முக்கால் சென்ட்தான் வருகிறது. போலீஸில் "இது சிவில் விவகாரம்" என்கிறார்கள். அவருடைய தென்னையும் எங்கள் கூரைமேல் சாய்ந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கால் சென்ட் என்றால் ஏறக்குறைய 109 சதுர அடி. வேலியின் நீளம் 60 அடி என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் குறைவது ஓரடி பத்து அங்குலம்கூட இல்லை. கிராமப் புல வரைபடங்கள் பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000 அளவில் வரையப்பட்டவை. 1:1000 படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் அரை மீட்டர், அதாவது ஓரடி எட்டு அங்குலம். உங்கள் தகராறு முழுவதும் ஏறக்குறைய ஒரு பென்சில் கோட்டின் தடிமன்தான். ஆகவே வரைபடத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்து சண்டைக்குப் போகாதீர்கள். அச்சு எடுக்கும்போதே அளவு மாறியிருக்கும். படத்தில் எழுதியிருக்கும் எண்களை வைத்து, தரையில் உள்ள சர்வே கல்லிலிருந்து அளப்பதுதான் அளவை.

நில அளவைக்கு இணையவழியாகவோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். அதற்கு முன் பட்டாவைப் பாருங்கள். அது பக்கத்து மனையும் சேர்ந்த கூட்டுப் பட்டா என்றால் சர்வேயர் வந்தும் பயனில்லை. உட்பிரிவு ஆகாத, அதாவது தனித்தனி எண்ணாகப் பிரிக்கப்படாத நிலத்தில் உள்கோடு என்று ஒன்று கிடையாது. முதலில் உட்பிரிவு, பிறகு அளவை. மனை கிராம நத்தமாக (ஊர்க் குடியிருப்பு நிலமாக) இருந்தால் புல வரைபடம் போதாது, நத்தம் மனை வரைபடத்தைக் கேளுங்கள். அளந்து முடித்ததும் சர்வேயர் கையெழுத்திட்ட வரைபட நகலை வாங்காமல் விடாதீர்கள். வாய்மொழியாக "உங்க பக்கம் வருதும்மா" என்று அவர் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது. அந்த அளவையை வைத்து வருவாய்த்துறை சுவரை இடித்துத் தரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். தனியார் இருவருக்கு இடையே அந்த வேலை சிவில் நீதிமன்றத்துக்கு உரியது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தங்கள் பத்திரத்தை மட்டும் நூறு முறை படிப்பார்கள், எதிராளியின் பத்திரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். அவர் மனையின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்து, அவருடைய கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். அவர் பத்திரத்தில் கிழமேல் 36 அடி என்றிருந்து, வேலியோடு சேர்த்து தரையில் 38 அடி இருந்தால், உங்கள் வழக்கில் பாதி அங்கேயே முடிந்தது. விஸ்தீரணமும் (பரப்பளவும்) செக்குபந்தியும் (பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லைகளும்) முரண்பட்டால் பொதுவாகச் செக்குபந்திதான் மேலோங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் "பட்டாவில் 5 சென்ட் இருக்கு" என்ற ஒற்றை வாதம் போதாது என்கிறேன்.

தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. வேலி 2012 தொடக்கத்தில் போடப்பட்டிருந்தால் பன்னிரண்டு ஆண்டு தாண்டிவிட்டது. அவருடைய வக்கீல் முதலில் எடுப்பது எதிரிடை அனுபவம், அதாவது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவித்ததால் இடம் தனதாகிவிட்டது என்ற வாதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அந்த இடம் தனக்குச் சொந்தம் என்று உங்களுக்குத் தெரியும்படி, உங்கள் உரிமைக்கு எதிராக அனுபவித்ததாக அவர் காட்ட வேண்டும். "அப்புறம் அளந்து சரி பண்ணிக்கலாம்" என்று சொன்னவர் அப்படி அனுபவித்தார் என்று சொல்வது கடினம். அந்தப் பேச்சைக் கேட்ட ஆள் ஒருவராவது இருக்கிறாரா என்று இன்றே யோசியுங்கள். வக்கீல் நோட்டீஸிலும் அந்த வாசகத்தைச் சேருங்கள். மாறாக "இரண்டடி ஆக்கிரமித்தார்" என்று அளவைக்கு முன்பே எண் போட்டுவிடாதீர்கள். சர்வேயர் ஒன்றரை அடி என்றால் பிறகு நீங்களே உங்கள் நோட்டீஸுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பாகக் கடைக்காலைத் தடுக்க வேண்டும். தோண்டிய பள்ளத்தைத் தேதியோடு படம் எடுங்கள். அந்த எல்லைக்குட்பட்ட முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39-ன்கீழ் இடைக்காலத் தடை கேளுங்கள். எதிராளி முன்கூட்டியே கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனு போட்டிருந்தால் அவரைக் கேட்காமல் தடை கிடைக்காது. கேவியட்டுக்கு 90 நாள் உயிர் உண்டு. வழக்கை வெறும் நிரந்தரத் தடை என்று மட்டும் போட வேண்டாம். உங்கள் உரிமையையே அவர் மறுத்தால் உரிமை விளம்புகையும் (இடம் உங்களுடையது என்ற அறிவிப்பும்), இடம் அவர் கையில் இருந்தால் சுவாதீனமும் (இடத்தைத் திரும்பப் பெறுவதும்) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அனத்துல சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புது வேலிக்கு உட்பட்ட இடம் இப்போது அவர் வசம்தானே இருக்கிறது?

அதோடு ஆணை 26 விதி 9-ன்கீழ், இடத்தை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போடுங்கள். ஆணையர் தாலுகா சர்வேயர் உதவியோடு இரண்டு மனைகளையும் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். உங்கள் மனையை மட்டும் அளந்த அறிக்கை எதற்கும் உதவாது. மேல்முறையீட்டில் இந்த ஒரு காரணத்தாலேயே வழக்கு திரும்பி வந்து ஐந்தாறு வருடம் வீணாவது உண்டு.

ஊராட்சியில் அவர் வாங்கிய கட்டட அனுமதி எல்லையைத் தீர்மானிக்காது. ஆனாலும் ஒப்புதல் வரைபடத்தில் எவ்வளவு பக்க இடைவெளி காட்டியிருக்கிறார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

தென்னை விஷயம் எளிது. உங்கள் எல்லைக்குள் வரும் மட்டையையும் வேரையும் உங்கள் பக்கத்தில் நின்றபடியே எல்லைக்கோடு வரை வெட்டலாம். அவர் மனைக்குள் கால் வைக்கக் கூடாது, தேங்காய் அவருடையது. மரமே விழும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

வேலியை இரவோடிரவாகப் பிடுங்கிவிடுவோம் என்று வீட்டில் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அரசு நட்ட சர்வே கல் அசைந்தால் அது குற்றம், ஓராண்டு வரை சிறை. சிவில் விவகாரம் என்ற போலீஸ் அப்போது உடனே வரும்.

நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். அளவை வரைபடம் கையில் வந்த பிறகு அங்கேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசவும் முடியும். அங்கு எழுதும் உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கல் எங்கே, சுவரின் உள்முகம் எங்கே, செலவு யார் என்பதை அடி அங்குலத்தோடு எழுதி வாங்குங்கள்.