யாழ்ப்பாணத்தில ஒயில் மாத்துற கடைக்கு ‘பசுமை சேர்விஸ்’ எண்டு போர்ட் போடலாமா?

கேட்டது ஒரு தம்பி. கோண்டாவில் பக்கம் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, சின்னக் காருகளுக்கு ஒயில் மாத்துற கடை ஒண்டு போடப்போறாராம், ‘சூழலுக்கு உகந்த சேர்விஸ்’ எண்டு பச்சை போர்ட் அடிச்சால் சனம் வருமோ, கொஞ்சம் கூடக் காசு தருமோ எண்டு கேக்கிறார். நான் இந்தக் கராஜ் வேலைக்குள்ளயே கிடக்கிற ஆள், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன்.

போடலாம் தம்பி, ஆனா முதல்ல கழட்டுற பழைய ஒயில் கடைசியா எங்க போய்ச் சேருது எண்டதுக்கு உங்களிட்ட ஒரு நேர்ப் பதில் இருக்கோணும், அது இல்லாமல் போர்டுக்கு என்ன கலர் அடிச்சாலும் பிரயோசனம் இல்லை. வேற ஊரிலயெண்டாலும் ஒரு ஆறு, ஒரு குளம் எண்டு இருக்கும். எங்களுக்கு என்ன இருக்கு? வழுக்கை ஆறு மழை பெய்தால்தான் ஓடும், மிச்சம் கூடுதலாக் கிணறுதான். கோண்டாவில் கிடக்கிற வலிகாமப் பகுதியில மேல இருக்கிற செம்மண் கன இடத்தில மெல்லிசு, கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, அந்தக் கல்லுக்குள்ள வெடிப்பும் பொந்தும் குகையும், சுண்ணாம்புக்கல்லுக்குள்ள ஆழமா இறங்கிற நிலாவரைக் கிணத்தைப் பாத்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைத்தண்ணி அந்தப் பொந்துகளுக்குள்ளால இறங்கி அடியில கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல ஒரு நல்ல தண்ணிப் படையா மிதக்குது, அதைத்தான் கனபேர் அள்ளிக் குடிக்கிறம், தோட்டத்துக்கும் இறைக்கிறம். மணல் தரையெண்டால் கொஞ்சமாவது வடிகட்டும், இந்தக் கல்லு அப்பிடிப் பெரிசா வடிகட்டாது. மேல ஊத்தினது கீழ போகும், போனது பக்கத்து வளவுக் கிணத்துக்கும் போகும்.

இது பயங்காட்டிற கதை இல்லை, சுன்னாகத்தில நடந்ததை நாங்கள் எல்லாரும் கண்டது. மின்நிலையப் பக்கத்தால நிலத்துக்குள்ள போன ஒயில் கிணறுகள்ல மிதக்குது எண்டு சனம் றோட்டுக்கு வந்துது, பவுசரில தண்ணி குடுத்தவை, தலைமுறை தலைமுறையாக் குடிச்ச கிணத்தை மூடி வைச்ச வீடுகள் இருக்கு. ஒரு சூழலியலாளர் போட்ட வழக்கில 2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனி 2 கோடி ரூவா நட்டஈடு குடுக்கோணும் எண்டு தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தினவன்தான் அதுக்குப் பணம் கட்டோணும் எண்ட அடிப்படையில. அது பெரிய கம்பனி, நாங்கள் சின்னக் கடை எண்டு நினைக்காதேங்கோ. ஒரு மோட்டார் சைக்கிளில கிட்டத்தட்ட 1 லீற்றர், காரில 3 – 4 லீற்றர் வரும், ஒரு நாளைக்கு எத்தினை வண்டி வருது, ஒரு றோட்டில எத்தினை கராஜ் இருக்குது எண்டு நீங்களே கூட்டிப் பாருங்கோ. அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லுற கணக்கின்படி ஒருக்கா மாத்துற ஒயிலே 10 லட்சம் கலன் நல்ல தண்ணியைப் பழுதாக்கக் காணும்.

புது ஒயிலை விடப் பழசு மோசம், ஏனெண்டால் எஞ்சினுக்குள்ள ஓடி வரேக்க பெயரிங் தேய்ஞ்ச ஈயமும் செம்பும், எரிஞ்ச புகையில வாற, புற்றுநோய் உண்டாக்கிற சாமானுகளும், ஒயிலில முதலே கலந்து வாற துத்தநாகமும் எல்லாம் அதுக்குள்ள. வேலை செய்யிற பெடியளுக்குக் கையுறை வாங்கிக் குடுங்கோ. முழங்கை மட்டும் கறுப்பு ஒயிலோட நிண்டுபோட்டு பெற்றோல் விட்டுக் கை கழுவுற பழக்கத்தை உங்கட கடையில முதல் நாளே நிப்பாட்டுங்கோ, உது தோலுக்குக் கூடாது, நெடுகப் பட்டால் தோல் புற்றுநோயில கொண்டுபோய் விடலாம்.

இனிக் கடைக்குள்ள ஒயில் எங்க எங்கயால போகுது எண்டு பாப்பம், கனபேர் வடியிற ஒயிலை மட்டும்தான் கணக்கில எடுக்கிறவை. போல்ட்டைக் கழட்டினால் தாச்சிக்குள்ள விழுறது சுலபமாப் பிடிக்கிற பங்கு. ஆனா பில்டர்? காரிட பில்டரைக் கழட்டி அப்பிடியே குப்பைப் பெட்டிக்குள்ள எறிஞ்சால் அதுக்குள்ள நிக்கிற ஒயில் குப்பை மேட்டில போய்த்தான் வடியும். சூடா இருக்கேக்கயே தலைப்பக்கம் ஒரு ஓட்டை குத்தி, பரலுக்கு மேல ஒரு கம்பிவலையில கவிட்டு ஒரு இரவு முழுக்க விடுங்கோ, காலமை பாத்தால் எவ்வளவு வடிஞ்சிருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். புது ஒயில் போத்தலும் அப்பிடித்தான், ஊத்தி முடிஞ்சுது எண்டு எறியிற போத்தலின்ர சுவரில இன்னும் ஒயில் ஒட்டிக்கொண்டு நிக்கும், அதையும் ஒரு புனலில கவிட்டு வையுங்கோ, வடிஞ்சது புது ஒயில்தானே, சங்கிலிக்குப் பூசலாம். பிறகு போத்தலைக் குத்தி ஓட்டையாக்கிப்போட்டுத்தான் வெளியில குடுக்கோணும், ஏனெண்டால் நல்ல கம்பனிப் பேர் போட்ட வெறும் போத்தல் தேடுறவை இருக்கினம், அதுக்குள்ள என்ன அடைச்சு விப்பினம் எண்டு சொல்லத் தேவையில்லை.

நிலத்தில சிந்தினால் தண்ணி அடிக்கக் கூடாது, மரத்தூள் போட்டு ஊறவிட்டுக் கூட்டி அள்ளி வேறயா ஒரு வாளியில வையுங்கோ. வோட்டர் சேர்விஸும் (வண்டி கழுவுறது) சேத்துச் செய்யப்போறியள் எண்டால் ஒயில் பிரிக்கிற தொட்டி கட்டாமல் தொடங்காதேங்கோ. மூண்டு அறை, ஒயில் மேல மிதக்கும், அடியில நிக்கிற தண்ணி மட்டும் கீழ்ப்பக்கமா வைச்ச எல்போவால (வளைஞ்ச குழாய்) அடுத்த அறைக்குப் போகும், அவ்வளவுதான் வேலை. ஆனா இதில ஒரு விசயத்தைத் தொட்டி கட்டிற மேசன்மாரும் சொல்லுறேல்லை. சோப்புத்தண்ணி அடிச்சுக் கழுவினால் அந்தச் சோப்பு ஒயிலைத் தண்ணியோட கரைச்சுப்போடும், பேந்து அது மிதக்காது, பாலாத் தண்ணியோட சேந்து தொட்டியைத் தாண்டிப் போயிடும். அதால ஒயில் பிடிச்ச இடத்தை முதல்ல துணியால துடைச்சுப்போட்டுத்தான் சோப்புப் போடோணும், மேல மிதக்கிறதையும் அடிக்கடி அள்ளோணும். அள்ளாத தொட்டி இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

அடுத்தது எங்கட ஆக்களின்ர ஒரு பழக்கம், உங்களுக்குக் கடை திறந்த உடன வரும். “தம்பி, கழிவு ஒயில் ஒரு கான் தாவன், கூரைப் பனைமரத்துக்கும் வேலித்தூணுக்கும் அடிக்கோணும், கறையான் அரிக்குது” எண்டு கேப்பினம். வயசான ஆக்கள், தெரிஞ்ச ஆக்கள், இல்லையெண்டு சொல்ல மனம் வராது. கூரைக்குள்ள இருக்கிற வளையும் சலாகையும் மழையில நனையிறேல்லை, அதில பூசினது நிலத்துக்கு வாறது குறைவு, ஆனாலும் வீட்டுக்குள்ள அந்த மணமும் நஞ்சும் நிக்கும். வேலித்தூணுக்கு அடிச்சு நிலத்துக்குள்ள நட்டால் அது நேர மண்ணுக்குத்தான் போகுது, கிணத்துக்கும் தூணுக்கும் இடையில எத்தினை அடி இருக்கப்போகுது சொல்லுங்கோ. நான் தூணுக்குக் குடுக்கிறேல்லை. காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம், சுன்னாகத்தை ஞாபகப்படுத்தினால் பேந்து கேக்கவே மாட்டினம். தூசு பறக்காமல் இருக்க ஒழுங்கையில ஊத்திறதுக்குக் கேட்டால் கண்டிப்பாக் குடுக்காதேங்கோ.

கழிவு ஒயிலை எடுத்துக்கொண்டு போறவைக்கும் அதே கேள்விதான், அது கடைசியா எங்க போய்ச் சேருது எண்டது. பரல் விலைக்கு வாங்க ஆக்கள் வருவினம், அடுப்பெரிக்க வாங்கிறவையும் இருக்கினம். சும்மா ஒரு அடுப்பில எரிச்சால் அந்த ஈயம் எல்லாம் புகையா ஊருக்குள்ளதான் வரும். கழிவு ஒயில் இலங்கைச் சட்டத்தில விசேடமாக் கையாளவேண்டிய கழிவு, அதைச் சேர்க்கவும் கொண்டுபோகவும் லைசன்ஸ் வேணும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையில கேட்டு லைசன்ஸ் உள்ள ஆளைப் பிடியுங்கோ, உங்கட கடைக்கு என்ன அனுமதிப்பத்திரம் தேவை எண்டதையும் அங்கயே, இல்லாட்டிப் பிரதேச சபையில கேட்டு எடுங்கோ. புத்தளம் சீமெந்து ஆலைச் சூளையில கழிவை எரிபொருளாப் போடுறது கன வருசமா நடக்குது, அந்த வெக்கையில எரியிறதும் றோட்டோர அடுப்பில எரியிறதும் ஒண்டில்லை. எல்லாத்திலயும் நல்லது திருப்பிச் சுத்திகரிச்சு ஒயிலாவே எடுக்கிறதுதான். ஒயில் தேய்ஞ்சு போறேல்லை, ஊத்தையாகுது அவ்வளவுதான். 42 கலன் மசகு எண்ணெயில (நிலத்துக்கடியில இருந்து வாற குறூட் ஒயில்) எடுக்கிற அளவு எஞ்சின் ஒயிலை ஒரு கலன் பழைய ஒயிலில எடுக்கலாமாம், இதுவும் அந்த அமெரிக்க முகவரகம் சொல்லுறதுதான்.

இப்ப விளம்பரத்துக்கு வருவம். ‘சூழலுக்கு உகந்தது’ எண்டு மொட்டையாப் போடாதேங்கோ. அமெரிக்காவில வணிக ஆணைக்குழு 2012-இல திருத்தின பசுமை விளம்பர வழிகாட்டியிலயே அப்பிடி மொட்டையாச் சொல்லக்கூடாது, எதில உகந்தது எண்டு குறிப்பாச் சொல்லு எண்டு இருக்கு, இங்கயும் 2003-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் ஆக்களை ஏமாத்திற மாதிரி வியாபாரம் செய்யிறதைத் தடுக்குது. போத்தலில ‘எக்கோ’ எண்டு இருக்கிறதைக் காட்டிப் பசுமை ஒயில் எண்டும் சொல்லாதேங்கோ. ஹைபிரிட் காருக்கு வாற 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஒயிலுகளில அது பெற்றோல் மிச்சத்தைத்தான் சொல்லுது, அந்த ஒயிலும் கிணத்துக்குள்ள போனால் கூடாததுதான். சிந்தெட்டிக்கும் அப்பிடித்தான், கன நாளைக்கு உழைக்கும், அதால கழிவு குறையும், அதுக்காக மண்ணில உக்கிப்போகும் எண்டில்லை.

இன்னொண்டு, வியாபாரத்துக்குக் கஷ்டமான கதை. பாதிப்பைக் குறைக்கிற முதல் வழி தேவையில்லாமல் ஒயில் மாத்தாமல் விடுறது. வண்டியோட வந்த புத்தகத்தில 5,000 கிலோமீற்றர் எண்டு இருந்தால் 5,000 எண்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கோ, ஆளைக் கெதியாத் திருப்பி எடுக்க 3,000 எண்டு ஒட்டாதேங்கோ. தூசு றோட்டு, கிட்டக் கிட்ட ஓட்டம் எண்டால் குறைக்கச் சொல்லி அந்தப் புத்தகத்திலயே இருக்கும், அப்ப அதைக் காட்டிச் சொல்லுங்கோ. ஒரு மாசம் வருமானம் கொஞ்சம் குறையும், ஆனா இணுவிலில இருந்தும் ஆள் தேடி வரும், யாழ்ப்பாணத்தில கதை பரவுற வேகம் உங்களுக்குத் தெரியும்தானே.

கூடக் காசு தருவினமோ எண்டால், பச்சைப் பேருக்கு ஒருத்தரும் தரமாட்டினம், நானெண்டாலும் தரமாட்டன். அதே விலைக்குச் செய்து, கண்ணுக்குத் தெரியிற இடத்தில பரலை வைச்சு, எடுத்துக்கொண்டு போறவன்ர ரசீதை சுவரில ஒட்டி, போர்டில ‘இங்க மாத்திற ஒயிலில ஒரு சொட்டும் நிலத்தில ஊத்திறேல்லை, லைசன்ஸ் உள்ளவையிட்டத்தான் குடுக்கிறம்’ எண்டு எழுதுங்கோ. வீட்டில தாங்களே மாத்திறவையின்ர பழைய ஒயிலையும் சும்மா வாங்கி வைக்கிறம் எண்டு ஒரு வரி சேருங்கோ, உது ஊருக்கு உண்மையாத் தேவை. ஆனா பிரேக் ஒயிலோ பெற்றோலோ கலந்ததை அந்தப் பரலுக்குள்ள விடாதேங்கோ, கலந்தால் எடுக்கிறவன் திருப்பி அனுப்பிப்போடுவான். போர்ட் அடிக்கக் குடுக்க முதல் அந்த எடுக்கிற ஆளோட கதைச்சு முடியுங்கோ, பரல் நிரம்பினாப் பிறகு ஆள் தேடினால் அவசரத்தில ஆருக்கும் குடுக்கத்தான் மனம் வரும்.