கொதிக்கிற ரேடியேட்டரும் அவசரக் கைகளும்: வாசகர் கேள்வி பதில்

ஈரோடு வாசகி: போன மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினோம். பர்லியாறு தாண்டி ஏறும்போது வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டினோம். அங்கே நின்ற ஒருவர், ரேடியேட்டர் மூடி மேல் ஈரத்துணி போட்டுத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று உதவ வந்தார். என் கணவர் விடவில்லை, ஒரு மணி நேரம் எங்களை உட்கார வைத்துவிட்டார். யார் சொன்னது சரி சார்? எஞ்சினைக் குளிர வைக்கும் திரவமான கூலண்ட் போதுமான அளவு இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

உங்கள் கணவர் செய்ததுதான் சரி, சகோதரி. உதவ வந்தவர் நல்ல மனதோடுதான் வந்திருப்பார், ஆனால் அன்று அந்த மூடியைத் திறந்திருந்தால் நீங்கள் ஊட்டிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் அவசரத்தில் கை நிற்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், மேலே போகப் போக அதற்கும் முன்பே கொதிக்கும், ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எஞ்சினோ சாதாரணமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடுகிறது. அதனால்தான் ரேடியேட்டருக்கு ஸ்பிரிங் வைத்த மூடி போட்டு உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது ஏறக்குறைய 1 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். நீங்கள் மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், அதுவரை அடங்கி இருந்த சூட்டுத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பொங்கி, முகத்துக்கும் கைக்கும் நேராக அடிக்கும். ஈரத்துணியால் ஒரு பயனும் இல்லை, சூடேறிய துணி தோலோடு ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். என் அண்ணனின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்றைக்கும் தோல் வேறு நிறமாக இருக்கிறது. 19 வயதில், 2 நிமிடம் பொறுக்காமல் திறந்ததால் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் இவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறேன்.

இனி எப்போதாவது அப்படி ஆனால்: எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது, ஆவி இன்னும் வரவில்லை என்றால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து காற்றையும் முழுவேகத்தில் விடுங்கள். உள்ளே வெந்து போகும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும், அதற்குள் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டிவிடலாம். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ அப்போதே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், செலவு பல மடங்காகும். ஆவி அடங்கும் வரை பானெட்டைத் தொட வேண்டாம். எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடம் உள்சூடு ஏறத்தான் செய்யும், ஆகவே குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருங்கள். அப்புறம் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கை வைத்துப் பாருங்கள், முதலில் பட்டும் படாமலும். சூடு இல்லாமல், அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம், விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் தடித்த துணி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று திருகி, 'உஸ்' சத்தம் முழுதாக அடங்கிய பிறகு எடுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், விரிசல் விழும். ஆறிய பிறகு, வேறு வழி இல்லையென்றால், குடிதண்ணீரை ஊற்றிப் பக்கத்து மெக்கானிக் வரை மெதுவாகப் போகலாம்.

வீட்டில் பார்ப்பது ரொம்பச் சுலபம். காலையில், வண்டியைக் கிளப்பும் முன், சமமான தரையில் நிற்கும்போது பானெட்டைத் திறந்தால், பால்நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று தெரியும், அதில் மேலும் கீழும் இரண்டு கோடு இருக்கும். கூலண்ட் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல்கோடு வரை நிரப்ப வேண்டியதில்லை, சூடேறும்போது விரிய இடம் வேண்டும். ரேடியேட்டரிலேயே தனி மூடி இருக்கிற வண்டியாக இருந்தால், மாதம் ஒருமுறை ஆறிய நிலையில் அதையும் திறந்து பாருங்கள். மூடியின் வால்வோ, ரேடியேட்டரையும் டப்பாவையும் இணைக்கும் சின்ன ஹோஸோ பழுதானால் டப்பாவில் நிறைய இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும், டப்பாவை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, எலக்ட்ரிக் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றலாம், துப்பட்டாவும் முந்தானையும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: எங்கள் ஊரில் பனியா விழுகிறது? கூலண்ட் எதற்கு, போர் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

போதாது. கூலண்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் இல்லை. அதில் துருப்பிடிக்காமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையை இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறது, உறைவதைத் தடுப்பது அதன் இன்னொரு வேலை, அவ்வளவுதான். போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பாத்திரத்தை நீங்கள் புளி போட்டுத் தேய்த்துவிடலாம், அந்தக் குழாய்க்குள் எதுவும் போகாது. கலந்தே விற்கிற கூலண்ட் வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். கெட்டியானது என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் நல்லது என்று தண்ணீரே கலக்காமல் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது தப்பு, தண்ணீர்தான் சூட்டை நன்றாக இழுக்கும். கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்கும்போது பேட்டரி ஆசிட் பாட்டிலை எடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

நாகர்கோவில் வாசகர்: பச்சை, சிவப்பு, நீலம் என்று விற்கிறார்களே, எதை ஊற்றுவது?

நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். இரண்டு வகை கலந்தால் துருத்தடுப்பு கெடும், சிலது கூழாகி அடைத்துக்கொள்ளும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது, வகைக்கு வகை மாறும்.

மதுரை வாசகர்: மாதாமாதம் அரை லிட்டர் குறைகிறது. மெக்கானிக் 'ஊற்றிக்கொண்டே ஓட்டுங்க சார், ஒன்றும் ஆகாது' என்கிறார்.

கூலண்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. வருடத்தில் சிறிதளவு குறைந்தால் பரவாயில்லை, மாதம் அரை லிட்டர் என்றால் எங்கேயோ போகிறது, எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம். நிறத்தோடு, விரலில் வழுவழுப்பாக இருந்தால் கூலண்ட். ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் பக்கம் காய்ந்த பொருக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மிதியடி நனைந்து, உள்ளே இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டரில் ஓட்டை. வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனால் எண்ணெய் மூடியில் பால் கலந்த காபி மாதிரி படிந்திருக்கிறது, வண்டி சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள், அப்படியே ஓட்டாதீர்கள். வேறு மெக்கானிக்கிடம் போய் 'பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்' என்று கேளுங்கள். ஆறிய வண்டியில் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும்.

கசிவை அடைத்துப் புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்று தங்கவிடாதீர்கள். ஆறிய வண்டியில் மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால், சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழி வந்து மட்டம் இறங்கும். இறங்கியதை ஈடுகட்டி மூடுங்கள். பொங்கி ஏற ஆரம்பித்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மறுநாள் காலை மறுபடி மட்டம் பாருங்கள். சில வண்டிகளில் காற்றை வெளியேற்றத் தனி ஸ்க்ரூ இருக்கும், ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டப்பா மூடியே அழுத்தம் பிடிக்கும் வண்டிகளும் உண்டு. அந்த டப்பா மூடிக்கும் நான் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

திருச்சி வாசகி: மிச்சமான கூலண்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார் என் மாமனார். ஆபத்தா?

ஆபத்துதான் அம்மா, இதைப் படித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், குழந்தைக்கு அது சர்பத் நிறம், நாய்க்கு இனிப்புத் தண்ணீர். குடித்தால் முதலில் போதை ஏறியதுபோல் தள்ளாட்டம், அது தெளிந்தாற்போல் தெரிந்த பிறகு 1 முதல் 3 நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். சந்தேகம் வந்தாலே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முறிமருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். கூலண்ட் வந்த டப்பாவையும் கூடவே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். மிச்சத்தை அது வந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழையதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், தரையில் சிந்தினால் மணல் போட்டு அள்ளிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.